கம்பம் முதல் வாகமண் வரை: கேரவனை நகர்த்தும் ‘மூவர்’ (mover) கருவியோடு ஐந்து நாள்

முதல் நாள், கம்பம்

ஆனி மாதச் சாரல் கம்பத்துக்கு வந்து சேரும்போது முக்கால்வாசி காற்றாகத்தான் இருக்கும். திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே ஒரு தோட்டத்துச் சிமென்ட் களத்தில் கேரவனைக் காரிலிருந்து கழற்றி நிறுத்தியாயிற்று. நாளை மலையேற்றம். அதற்கு முன் மூவர் கருவியை முழுதாகச் சோதித்துவிட இன்றைய நாள் ஒதுக்கப்பட்டது.

மூவரைப் பார்த்திராதவர்களுக்காக: கழற்றி வைத்த டிரெய்லர் கேரவனை ஆள் தள்ளாமல், ரிமோட்டை அழுத்தி நகர்த்தும் கருவி இது. ஆக்சிலுக்குப் பக்கத்தில் சேஸிஸோடு பிடித்திருக்கும். சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு 12 வோல்ட் டிசி மோட்டார், இரண்டு கியர்பாக்ஸ், இரண்டு அலுமினிய ரோலர். ரோலர் டயரை அழுத்திச் சுழலும், டயர் உருளும். ஒரு பக்கம் முன்னாலும் மறுபக்கம் பின்னாலும் சுழன்றால் வண்டி நின்ற இடத்திலேயே திரும்பும். வேகம் நிமிடத்துக்குப் பத்து மீட்டர் அளவுதான். கேரளத்தில் 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கை வந்த பிறகு இந்தச் சாலைகளில் தென்படுபவை பெரும்பாலும் தானே ஓடுகிற பஸ் வகை. அவற்றுக்கு மூவர் வேண்டியதில்லை. இந்தக் குறிப்பெல்லாம் காரின் பின்னால் இழுத்துப் போகும் வகைக்கு. இங்கே இருப்பது ஒற்றை ஆக்சில், சாமானோடு 1,300 கிலோ, 185 ஆர் 14 டயர், 100 ஆம்பியர் ஹவர் லெட்-ஆசிட் பேட்டரி.

மூவர் மக்கர் செய்தால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது மோட்டாரை. மோட்டாரைக் கடைசியில்தான் தொட வேண்டும். பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகிற வழியில் வோல்ட் தொலைகிறதா, ரோலருக்கும் டயருக்கும் நடுவே பிடி தொலைகிறதா, இந்த இரண்டையும் அளந்த பிறகு ஸ்பேனரை எடுக்கலாம்.

பேட்டரியில் தொடங்குவோம். சார்ஜரைக் கழற்றி ஓர் இரவு விட்டு, காலையில் மீட்டர் வைத்தால் 12.7 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12.0க்குக் கீழே போயிருந்தால் மூவரை ஓட்டாமல் முதலில் சார்ஜ் போடுங்கள். ஆனால் சும்மா இருக்கும் பேட்டரி காட்டும் வோல்ட்டை நம்பி மலையேறக் கூடாது. பாரம் ஏறும்போது என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி.

அதற்கு இப்படிச் செய்தோம். ரோலர்களை டயரோடு சேர்த்து, ஹேண்ட் பிரேக்கை விட்டு, ஒருவர் ரிமோட்டில் வண்டியை நின்ற இடத்திலேயே சுழற்றினார். டயர் தரையில் உரசித் திரும்புவதால் அப்போதுதான் மோட்டார் நிறைய மின்சாரம் இழுக்கும். வயரைச் சுற்றிக் கவ்வி ஆம்பியர் அளக்கும் டிசி கிளாம்ப் மீட்டர் 60 ஆம்பியர் காட்டியது. மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் பேட்டரியின் ஈயக் குமிழ்களிலேயே வைத்தால் 12.1. குமிழைக் கவ்வும் வயர் கிளாம்பில் வைக்கக் கூடாது, குமிழில்தான் வைக்க வேண்டும். அடுத்து அதே ஓட்டத்தில், ரிமோட் சிக்னலை வாங்கி மோட்டார்களுக்கு மின்சாரம் விடும் ரிசீவர் பெட்டியில் வயர் நுழைகிற டெர்மினலில் வைத்தால் 10.9. வழியில் 1.2 வோல்ட் காணாமல் போயிருக்கிறது. 60 ஆம்பியரில் அது 72 வாட். அத்தனையும் வழியில் எங்கெங்கோ சூடாகிக்கொண்டிருக்கிறது.

வயரின் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போடலாம். 25 சதுர மி.மீ. செம்பு வயர், போக மூன்று மீட்டர் வர மூன்று மீட்டர். அதன் தடை 0.0042 ஓம். 60 ஆம்பியருக்கு 0.25 வோல்ட் இழப்பு, அது நியாயமானது. இதே தூரத்துக்கு 6 சதுர மி.மீ. வயர் போட்டிருந்தால் இழப்பு ஒரு வோல்ட்டைத் தாண்டும். வீட்டு வயரிங்கில் மிச்சமான வயரை மூவருக்கு மாட்டக் கூடாது என்பது இதனால்தான். மிச்சமுள்ள இழப்பு இணைப்புகளில் இருக்கிறது. மின்சாரம் ஓடும்போது ஒவ்வொரு இணைப்புக்கும் இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை வைத்துப் பார்த்தோம். குமிழுக்கும் கிளாம்புக்கும் நடுவே 0.03. ஃபியூஸில் 0.08. நெகட்டிவ் வயரின் முனையில் அழுத்திய உலோக லக்கில் 0.05. பேட்டரியைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்சில் 0.78. ஆள் அகப்பட்டுவிட்டது.

கம்பத்தில் பேட்டரிக் கடை வைத்திருப்பவர் மீட்டரே இல்லாமல் இதைச் சொல்லிவிட்டார்: “அண்ணே, ரெண்டு நிமிசம் ஓட்டிட்டு ஒவ்வொண்ணா கையை வச்சுப் பாருங்க. எது சுடுதோ அதுதான் திருடன்.” சரியான முறை. வெறும் வயரும் லக்கும் இளஞ்சூட்டில் இருக்கலாம், கை வைக்க முடியாமல் இருக்கக் கூடாது. சுவிட்சைத் திறந்து பார்த்தால் உள்ளே தொடுமுனை ஒன்று கருகி, வட்டமாக ஒரு பள்ளம். தொடர்ந்து 200 ஆம்பியர் தாங்குகிற சுவிட்சாக மாற்றி, லக்குகளையும் புதிதாகப் போட்டோம். லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்குவது பழைய பழக்கம். உள்ளே இழைகளுக்கு நடுவே காற்று நிற்கும், மழைக்காலத்தில் பச்சை பூக்கும். ஹைட்ராலிக் கிரிம்ப்பர் உள்ள கடையில் கொடுத்து அழுத்துங்கள். கம்பி பிரஷால் குமிழைத் தேய்த்து, நட்டை முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவலாம். முதலில் தடவிவிட்டு முறுக்குவது தவறு.

மறுபடி அளந்தால் ரிசீவரில் 11.6. இந்த 0.7 வோல்ட் நாளைக்கு முக்கியம். பல மாடல்களில் 10 வோல்ட்டை ஒட்டி வந்ததும் ரிசீவர் தானே நிறுத்திக்கொள்ளும். சமதளத்தில் 60 ஆம்பியரில் 10.9 இருந்தது, சேற்று ஏற்றத்தில் 100 ஆம்பியர் இழுக்கும்போது பேட்டரியும் இறங்கி, வழி இழப்பும் இரண்டு வோல்ட்டாகி, 10க்குக் கீழே போய்விடும். வீட்டு வாசலில் ஒழுங்காக ஓடிய மூவர் மலையில் நின்றுபோவதற்கு இதுதான் விளக்கம்.

மாலையில் ரோலர் இடைவெளி. ரோலர் விலகியிருக்கும் நிலையில் டயருக்கும் அதற்கும் நடுவே பெரும்பாலான மாடல்களில் 20 மி.மீ. இருக்க வேண்டும், உங்கள் கையேட்டை ஒரு முறை பாருங்கள். வண்டி தன் சக்கரத்தில் நிற்க வேண்டும், ஜாக்கியில் தூக்கி அளக்கக் கூடாது. சாமான் எல்லாம் ஏற்றியிருக்க வேண்டும். சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் தண்டு பாரத்தில் திரும்பும்போது சக்கரத்தின் இடமும் கொஞ்சம் மாறும், காலி வண்டியில் வைத்த 20 பிறகு 20ஆக இருக்காது. தச்சரிடம் சொல்லி 20 மி.மீ. கனத்தில் ஒரு தேக்குத் துண்டு இழைத்து வைத்துக்கொண்டால் ஸ்கேலே வேண்டாம். இடது பக்கம் துண்டு கச்சிதமாக நுழைந்தது. வலது பக்கம் ஆடியது, 26 இருந்தது. சேஸிஸைக் கவ்வியிருக்கும் கிளாம்ப் மெல்ல நழுவியிருக்கிறது. நான்கு போல்ட்டையும் தளர்த்தி, ரோலர் ஆக்சிலுக்கு இணையாக இருக்கும்படி தள்ளி, மரத்துண்டை வைத்துக்கொண்டே குறுக்கு வாக்கில் மாற்றி மாற்றி இறுக்கினோம். பிறகு மூன்று முறை சேர்த்து, விலக்கி, திரும்ப அளந்தோம். கடைசியாகக் கிளாம்பின் விளிம்பிலிருந்து சேஸிஸ் மேல் வரை வெள்ளை பெயின்டில் ஒரு கோடு. கோடு முறிந்தால் கிளாம்ப் நகர்ந்திருக்கிறது என்று எட்டிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். நழுவுகிறதே என்று சேஸிஸில் துளை போட்டு போல்ட் அடிக்க யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

இரண்டாம் நாள், லோயர் கேம்ப் வழியாகக் குமுளி

புறப்படும் முன் இரண்டு ரோலரும் விலகியிருப்பதைக் குனிந்து கண்ணால் பார்க்க வேண்டும். ரிமோட்டில் விளக்கு சரியாக எரிந்தது என்பது போதாது. ரோலர் டயரை உரசியபடி வண்டி இழுக்கப்பட்டால், சக்கரம் மோட்டாரைப் பின்னாலிருந்து சுழற்றும். கியர் விகிதம் பெரியது என்பதால் மோட்டார் தாங்க முடியாத வேகத்துக்குப் போகும். சில கிலோமீட்டரில் கியரும் போகும், டயரின் பட்டனும் (தரையில் படும் ரப்பர் வரிகள்) பிய்ந்து போகும்.

லோயர் கேம்ப்பில், மலையிலிருந்து இறங்கும் மின் நிலையத்து ராட்சதக் குழாய்கள் தெரிகிற இடத்தில் ஒரு நிறுத்தம். ரோலரைத் தொட்டுப் பார்ப்பதற்காக. குளிர்ந்திருந்தால் நல்லது. சூடாக, மேலே கறுப்பு ரப்பர் கோடு விழுந்திருந்தால் எங்கோ உரசுகிறது. இங்கே இரண்டும் குளிர்ச்சி.

டயர் காற்றை இங்கே அளக்காதீர்கள். காலையில் 30 டிகிரியில் 45 பி.எஸ்.ஐ. வைத்த டயர், ஓடிச் சூடாகி 60 டிகிரிக்கு வந்தால் 51 காட்டும். அதைப் பார்த்துக் காற்றைத் திறந்துவிட்டால் மறுநாள் காலை 40க்கு அருகில் நிற்கும். காற்றுக் குறைந்த டயரில் ரோலர் புதைந்து, சுழற்றும் சக்தியெல்லாம் ரப்பரை மடக்குவதில் போய்விடும். அதிகக் காற்றிலோ ரோலர் பதியாமல் வழுக்கும்.

கொண்டை ஊசி வளைவுகள் முடிந்து குமுளியில் நல்ல தூறல். தங்குமிடத்து முற்றம் சிமென்ட் சரிவு, பாசி பிடித்தது, வாசலில் இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு படி மாதிரி விளிம்பு. சரிவைவிட அந்த விளிம்புதான் பெரிய தடை. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பத்துக்கு ஒன்று சரிவில் 1,300 கிலோ வண்டியை ஏற்ற 130 கிலோ விசை, உருளும் தடைக்கு இன்னொரு 20, 25 கிலோ. ஆக 155. மூவரின் வேகத்தில் இதற்கு ஏறத்தாழ 250 வாட் தேவை. மோட்டாரிலும் கியரிலும் பாதி போய்விடும் என்று வைத்தால் பேட்டரியிலிருந்து 45, 50 ஆம்பியர். எந்த மூவரும் இதைச் செய்யும். இப்போது சமதளத்தில் 20 மி.மீ. கூர்மையான விளிம்பை எடுத்துக்கொள்ளுங்கள். டயரின் ஆரம் 325 மி.மீ. விளிம்பில் முட்டும்போது டயர் மையத்துக்கும் முட்டும் புள்ளிக்கும் கிடைமட்டத் தூரம் 112 மி.மீ. வண்டி எடையை அந்த 112க்கு எதிராகத் தூக்க வேண்டும். அதாவது எடையில் 325க்கு 112 பங்கு, மூன்றில் ஒன்றுக்கும் மேலே, 450 கிலோவை ஒட்டிய விசை. டயர் கொஞ்சம் அமுங்கிக்கொடுப்பதால் நிஜத்தில் இதைவிடக் குறையும். ஆனாலும் பத்துக்கு ஒன்று சரிவைப் போல இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். மூவர் சரிவில் ஏறிவிட்டுச் சின்ன விளிம்பில் திணறி நிற்பதும், ரோலர் டயர் மேல் கீச்சென்று வழுக்குவதும் இதனால்தான்.

ஒரு முனை சீவிய பலகை போதும். 20 மி.மீ. உயரத்தை 300 மி.மீ. நீளத்தில் ஏறினால் பதினைந்துக்கு ஒன்று சரிவுதான். சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு பலகை. பலகை இல்லாவிட்டால் கேரவனைச் சாய்வாகத் திருப்பி ஒரு சக்கரத்தை முதலில் ஏற்றி, பிறகு மற்றதை. சுமை பாதி பாதியாகப் பிரியும். ஏலக்காய் ஊரில் கோணிச் சாக்கு தாராளமாகக் கிடைக்கும், பாசிக்கு அதைப் போட்டால் என்ன என்று தோன்றும். டயரின் முன்னால் போட்ட சாக்கு ஈரத்தில் டயரோடு ஒட்டிக்கொண்டு மேலேறினால் ரோலருக்கும் டயருக்கும் நடுவே சிக்கும். பாசியைக் கட்டை விளக்குமாறால் தேய்த்து, மணல் தூவியதே சரியாக இருந்தது.

சரிவில் வண்டியை நேர் மேலே அல்லது நேர் கீழே கொண்டுபோங்கள், குறுக்கே அல்ல. கீழ்ப்பக்கத்தில் ஒருவரும் நிற்கக் கூடாது, ரிமோட் பிடிப்பவரும்கூட. அடைக்கட்டை கையில் ஒருவர் பக்கவாட்டில் நடந்து வர வேண்டும். மூவர் பிரேக் அல்ல. இடம் சேர்ந்ததும் வரிசை இது: ஹேண்ட் பிரேக், அடைக்கட்டை, அதற்குப் பிறகுதான் ரோலரை விலக்குவது. கிளம்பும்போது நேர் தலைகீழ்: ரோலர் சேர்ந்த பிறகே ஹேண்ட் பிரேக்கை விடுவது. இந்த வரிசையைத் தாண்டிச் செய்கிற அவசரம் எந்த நாளிலும் வராது.

மூன்றாம் நாள், வண்டிப்பெரியார்

குமுளியிலிருந்து சிறிது தூரம்தான். இரண்டு பக்கமும் தேயிலை. பீருமேட்டுத் தோட்டங்களில் பல தலைமுறையாகத் தமிழ்தான் பேச்சு, வழி கேட்பதும் உதவி கேட்பதும் எளிது. செம்மண் முற்றத்தில், லேசான சேற்றில், வலது ரோலர் நன்றாகச் சுழல, இடது ரோலர் விட்டு விட்டு ஓடியது. சில நேரம் தொடங்கவே இல்லை.

இப்படி ஒரு பக்கம் மட்டும் பிரச்சினை என்றால் பேட்டரியையும் மெயின் வயரையும் விட்டுவிடலாம், அவை இரண்டு பக்கத்துக்கும் பொது. கோளாறு ரிசீவர் பெட்டியிலா, மோட்டார் வயரிலா, மோட்டாரிலா என்று பிரிக்க ஒரே ஒரு வேலை: பெட்டியில் இடது மோட்டார் வயர் இரண்டையும் வலது மோட்டார் வயர் இரண்டையும் இடம் மாற்றி மாட்டுவது. முதலில் ஐசொலேட்டரை அணைத்து, வயர்களில் டேப் ஒட்டி எழுதி, ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ரோலர்களை விலக்கி வைத்துச் சோதியுங்கள். இப்போதும் இடது ரோலரே தடுமாறினால் குற்றம் மோட்டார் பக்கம். வலது ரோலர் தடுமாறத் தொடங்கினால் பெட்டிக்குள் ரிலே அல்லது போர்டு. இங்கே இடதே தடுமாறியது.

மோட்டாரின் டெர்மினலில் மீட்டர் வைத்து ரிமோட்டை அழுத்தினால் 12 வோல்ட்டை ஒட்டி வருகிறது, மோட்டார் அசையவில்லை. வயரும் நல்லது. ரப்பர் சுத்தியலால் மோட்டார் உடலில் மெல்ல இரண்டு தட்டு, உடனே ஓடியது. மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டான கார்பன் பிரஷ் அதன் கூட்டுக்குள் சிக்கி நிற்பதன் அடையாளம் இது. தட்டி ஓட்டி ஊர் போய்ச் சேரலாம், ஆனால் பிரஷ் அரைகுறையாகத் தொட்டுக்கொண்டு தீப்பொறி விட்டால், அது உரசும் செம்பு வளையமான காமுடேட்டரையும் தின்றுவிடும்.

மோட்டாரைக் கழற்றி மூடியைத் திறந்ததும் சாம்பல் நிறக் கரித்தூள், அதோடு ஈரம். வயர் நுழைகிற ரப்பர் வளையம் வழியாகத் தண்ணீர் வந்திருக்கிறது. வயர் மேலிருந்து நேராக மோட்டாருக்குள் இறங்கியதுதான் காரணம். மழைத்தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே போகும். மோட்டாருக்கு முன்னால் வயரை ஒரு சாண் கீழே தொங்கவிட்டு மறுபடி மேலேற்றி நுழைத்தால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். செலவில்லாத வேலை.

இரண்டு பிரஷையும் வெளியே இழுத்தோம். புதியதன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். இவற்றில் பாதிக்கு மேல் இருந்தது, ஆனால் ஒரு பிரஷின் பக்கத்தில் கரித்தூள் ஈரத்தோடு குழைந்து கெட்டியாகி, கூட்டுக்குள் நகரவிடாமல் பிடித்திருந்தது. கூட்டை உலர்ந்த துணியால் துடைத்து, பிரஷின் பக்கங்களை உப்புத்தாளில் இரண்டு இழுப்பு. கையால் விட்டால் தன் எடையிலேயே சறுக்கி இறங்க வேண்டும், அதுதான் அளவு. ஸ்பிரிங் நீலம் பாய்ந்திருந்தால் சூட்டில் தளர்ந்துவிட்டது என்று பொருள், மாற்றிவிடுங்கள்.

காமுடேட்டரின் செம்புப் பட்டைகள் கறுத்திருந்தன. நைசான உப்புத்தாளை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, சுழலும் பகுதியான ஆர்மேச்சரைக் கையால் சுழற்றிக்கொண்டே லேசாகத் தேய்த்தால் செம்பு தெரியும். எமரி வேண்டாம், அதன் துகள் மின்சாரம் கடத்தும், பட்டைகளுக்கு நடுவே தங்கினால் ஷார்ட். தேய்த்த பிறகு பட்டை இடுக்குகளை ஒரு குச்சி முனையால் சுத்தம் செய்ய வேண்டும். பட்டையில் பள்ளம் விழுந்திருந்தால் இது கை வேலை அல்ல; லேத் வைத்திருக்கும் வைண்டிங் கடைக்குக் கொடுங்கள், இந்தப் பக்கம் பம்ப் மோட்டார் பார்க்கிறவர்களுக்கு இது அன்றாட வேலை. உத்தரவாதக் காலம் முடியாத மோட்டாரைத் திறக்காமல் விட்டுவிடுவது நல்லது.

திரும்ப மாட்டும்போது எல்லோரும் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. ரிமோட்டில் முன்னால் என்று அழுத்தினால் ரோலர் பின்னால் சுழல்வது போல் தெரியும். பிளஸ் மைனஸ் மாறிவிட்டது என்று நினைத்து வயரைத் திருப்பிப் போடுவார்கள். உண்மையில் அப்படித்தான் சுழல வேண்டும். ஒன்றையொன்று தொட்டு உருளும் இரண்டு உருளைகள் எதிரெதிராகத்தான் சுற்றும். ரோலர் பின்பக்கம் சுற்றினால்தான் டயர் முன்பக்கம் உருளும். சந்தேகம் இருந்தால் சமதளத்தில் ரோலரைச் சேர்த்து, ஒரு வினாடி மட்டும் அழுத்திப் பாருங்கள்.

கடைசியாகக் கிளாம்ப் மீட்டரில் இரண்டு மோட்டாரும்: ரோலர் விலகி வெறுமனே சுழலும்போது இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு. ஒன்று மற்றதைவிட இரு மடங்கு இழுத்தால் கியர்பாக்ஸ் அல்லது பேரிங் இறுகியிருக்கிறது.

நான்காம் நாள், குட்டிக்கானம், ஏலப்பாறை, வாகமண்

கேரளத்தின் முதல் கேரவன் பூங்கா வந்தது வாகமணில்தான். புல் மேடுகள், பைன் மரங்கள், பத்தடி தூரம் தெரியாத மூடுபனி. புல்லில் மூவர் ஓட்ட ஒரே ஆலோசனை: நிறுத்தி நிறுத்தி ஓட்டாதீர்கள். ஒவ்வொரு தொடக்கத்திலும் டயர் புல்லைக் கிழித்து ஒரு குழி தோண்டும், அடுத்த தொடக்கம் அந்தக் குழியிலிருந்து ஏற வேண்டும். போகும் வழியை முதலில் நடந்து பார்த்து, ஒரே ஓட்டத்தில் முடியுங்கள்.

இங்கே ரிமோட் பேசவில்லை. ரிமோட் பிரச்சினையில் முதல் வேலை அதன் சின்ன பேட்டரி. பழையது விளக்கை எரிய வைக்கும், சிக்னல் அனுப்பும் தெம்பு இருக்காது. மலை ஈரத்தில் தொடுமுனையில் வெள்ளைப் பூச்சு வரும். பென்சில் அழிப்பானால் தேய்த்தால் போகும். இரண்டாவது, ரிசீவர் பெட்டியின் ஏரியல் வயர். இடமில்லை என்று அதைச் சுருட்டி இரும்புக்குப் பக்கத்தில் செருகியிருந்தால் தூரம் குறையும், நீட்டிவிடுங்கள். மூன்றாவதுதான் மறுபடி இணைப்பது: பெட்டியில் உள்ள சின்னப் பொத்தானை விளக்கு மின்னும் வரை அழுத்தி, அது மின்னும்போதே ரிமோட்டில் கையேடு சொல்லும் பட்டன்களைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். இங்கே முதல் வேலையிலேயே சரியாயிற்று.

மாலையில் பேட்டரி பற்றி நிறையக் கேள்விகள் வந்தன, முக்கியமாக மூவர்தான் பேட்டரியைக் காலி செய்கிறதா என்று. கணக்குப் பார்ப்போம். ஐந்து நிமிடம் 50 ஆம்பியர் என்றால் 4 ஆம்பியர் ஹவருக்குக் கொஞ்சம் மேலே. 100 ஆம்பியர் ஹவர் பேட்டரிக்கு அது ஒன்றுமில்லை. காலி செய்வது விளக்கும், தண்ணீர் பம்பும், ஃபிரிட்ஜும். அணைக்காமல் விட்ட ரிசீவரும்தான்: சும்மா இருக்கும்போது 20 மில்லியாம்பியர் இழுத்தால்கூட ஒரு மாதத்தில் 14 ஆம்பியர் ஹவர். கார் ஓடும்போது தானாகச் சார்ஜ் ஆகிவிடும் என்பதையும் நம்ப வேண்டாம். காரிலிருந்து வரும் பிளக் வயர் மெல்லியது, பின்னால் சேர்வது சில ஆம்பியர்தான். கம்பத்திலிருந்து குமுளிக்கு ஒரு மணி நேர ஓட்டம் பாதிப் பேட்டரியை நிரப்பாது.

மூவருக்கு வேண்டியது அளவு மட்டும் அல்ல, ஒரே நேரத்தில் நிறைய மின்சாரம் கொடுக்கும் தெம்பு. வயதான பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 காட்டிவிட்டு, 60 ஆம்பியர் கேட்டதும் 10க்கு விழும். அதற்குச் சார்ஜர் மருந்தல்ல. வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் டியூபுலர் பேட்டரியைச் சிலர் மாட்டுகிறார்கள். மெல்ல மெல்லக் காலியாவதற்குச் செய்தது அது. மூவர் ஒரேயடியாகக் கேட்கும்போது வோல்ட் இறங்கும். எடையோ 50 கிலோவுக்கு மேல், ஆசிட் ஆவி படுக்கும் அறைக்குள். கார் ஸ்டார்ட் செய்யும் பேட்டரி மின்சாரத்தை அள்ளிக் கொடுக்கும், ஆனால் விளக்குக்கும் பம்புக்கும் அதையே பயன்படுத்தி ஆழமாக இறக்கினால் சில மாதத்தில் போய்விடும். ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்து மூடிய ஏஜிஎம் பேட்டரி இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது, எங்கள் பரிந்துரை அதுதான். லித்தியம் வாங்குவதானால் ஆம்பியர் ஹவரைப் பார்க்கும் முன் உள்ளிருந்து பேட்டரியைக் காக்கும் மின்சுற்றான பிஎம்எஸ் எவ்வளவு ஆம்பியர் தாங்கும் என்று கேளுங்கள். 100 ஆம்பியரில் துண்டித்துக்கொள்ளும் பிஎம்எஸ், ஏற்றத்தின் நடுவே மூவரை அப்படியே நிறுத்திவிடும்.

ரோலர் டயரோடு சேர்ந்த நிலையில் பேட்டரி தீர்ந்துவிட்டால் வண்டியை இழுக்கக் கூடாது. மின்சாரத்தில் சேரும் மாடல்களில் பெரும்பாலும் கையால் விலக்க ஒரு வழி வைத்திருப்பார்கள், ஸ்பேனர் அல்லது ராட்செட் பொருந்தும் ஒரு முனை. அது எங்கே இருக்கிறது, எந்த அளவு ஸ்பேனர் வேண்டும் என்று வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்து, அந்த ஸ்பேனரை வண்டியிலேயே வையுங்கள். மூடுபனியில், சேற்றில் படுத்துக்கொண்டு தேடும் வேலை அல்ல அது.

ஐந்தாம் நாள், திரும்பக் கம்பம்

மலை இறங்கியதும் சுத்தம் செய்தாக வேண்டும், செம்மண் காய்ந்தால் ரோலரின் பல்லுக்குள் செங்கல்லாகிவிடும். சாதாரணத் தண்ணீர், நைலான் பிரஷ். சர்வீஸ் ஸ்டேஷனில் பிரஷர் குழாயைப் பிடிக்க வந்தால் மோட்டார் பக்கம் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சேற்றை எடுக்கிற அதே வேகத்தில் தண்ணீரை சீல் வழியாக உள்ளே தள்ளும். ரோலரில் எண்ணெயோ கிரீஸோ ஒரு துளிகூடப் படக் கூடாது. ரோலரை நகர்த்தும் மூட்டுகளுக்கும் கெட்டி கிரீஸ் வேண்டாம், மண்ணைப் பிடித்துத் தேய்க்கும் மாவாகிவிடும். உலர்ந்த வகை ஸ்பிரே கொஞ்சம் அடித்து, பத்து முறை சேர்த்து விலக்கினால் போதும்.

டயர் பற்றி ஒரு விஷயம், ஏனென்றால் கம்பத்தில் டயர் மாற்றிக்கொண்டு போகலாமே என்று தோன்றும். 185 ஆர் 14 கிடைக்கவில்லை, 195 ஆர் 14 ரிம்மில் பொருந்தும் என்று கடையில் சொல்லலாம். பொருந்தும். ஆனால் ஆரம் 8 மி.மீ. கூடுகிறது, ரோலர் இடைவெளி 20லிருந்து 12க்கு வந்துவிடும். மேடு பள்ளத்தில் உரசும், சேரும்போது அளவுக்கு மேல் புதையும். தேய்வது எதிர்த்திசையில் வேலை செய்கிறது: பட்டன் 8 மி.மீ.யிலிருந்து 3க்குத் தேய்ந்தால் இடைவெளி 25 ஆகும், பிடி தளரும். டயர் மாற்றினாலும், இரண்டு மழைக்காலம் ஓட்டினாலும், மரத்துண்டை எடுத்து அளந்து கிளாம்பைத் திருத்த வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவு, ஒரே தேய்மானம் உள்ள டயராக இருக்கட்டும். இல்லாவிட்டால் நேராகப் போகச் சொன்னாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

நிறுத்தி வைக்கும்போது ரோலரை விலக்கியே வையுங்கள். சேர்த்தபடி வாரக்கணக்கில் நின்றால் டயரில் ரோலர் அளவுக்கு ஒரு குழி பதிந்து, ஓடும்போது டப் டப் என்று அடிக்கும். மாதத்துக்கு ஒரு முறை, ஓட்டாவிட்டாலும், ரோலரைச் சேர்த்து விலக்கி, இரண்டு மோட்டாரையும் அரை நிமிடம் சுழற்றிவிட்டால் பிரஷ் கூட்டில் சிக்காது. பேட்டரி 14.4 வோல்ட்டில் முழுதாக ஏறி, பிறகு 13.6ஐ ஒட்டி நிற்கும் சார்ஜரில் இருக்கட்டும். கம்பத்து வெயிலில் மூடிய கேரவனுக்குள் 40 டிகிரி சாதாரணம். சூட்டுக்குத் தக்க வோல்ட்டைக் குறைக்கும் வசதி சார்ஜரில் இருந்தால் அதைப் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் பேட்டரி மெல்லக் காய்ந்துபோகும்.

சாயங்காலம் களத்தில் கடைசி அளவு. வெள்ளைக் கோடு இரண்டு பக்கமும் முறியவில்லை. மரத்துண்டு இடதிலும் வலதிலும் கச்சிதம். நின்ற இடத்தில் சுழற்றும்போது பேட்டரியில் 12.0, ரிசீவரில் 11.5. புதிய ஐசொலேட்டரில் கை வைத்தால் சூடு தெரியவில்லை. அதைத் திருப்பி அணைத்து, சாவியைக் கழற்றியாயிற்று.